ஓநாய்க்கும் குடும்பம் உண்டு

1992-இல் வெளிவந்த கிளாரிசா பிங்கோலா எஸ்டெஸின் ‘ஓநாய்களோடு ஓடும் பெண்கள்’ வீட்டுக்குள் அடங்கிய பெண்ணைக் காட்டுக்கு அழைக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கேயும் குடும்பம்தான்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று 1999-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிவிட்டார். குட்டி ஈன்றவள் வளையிலேயே கிடக்க, இரை தேடி வருவது அப்பன். உருவகத்தை உயிரியலில் உரசிப் பார்க்கலாமா என்பார்கள். வேண்டாம்தான், ஆனால் ஓநாயின் குணங்களை அடுக்கிப் பெண்ணோடு பொருத்தம் பார்த்தவர் ஆசிரியர் அல்லவா? ஆனாலும் புத்தகத்தில் ஓரிடம் அசல் சரக்கு. நீலத்தாடிக்காரன் கதையை 1697-இல் அச்சேற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ, பூட்டிய அறையைத் திறந்த மனைவியின் ஆவலைக் கண்டித்து நீதி எழுதினார். கொலைகாரக் கணவனுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. எஸ்டெஸோ அந்த ஆவலையே உயிர் காக்கும் அறிவாக வாசிக்கிறார். அந்த அத்தியாயத்துக்காகப் புத்தகத்தை வாங்கலாம். ஊளையிடுவது அவரவர் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது.