ஆடித்தபசு ஊரிலிருந்து ஒரு ஹெல்ட் பால் மனு

பெறுநர்: சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பு (ஃபிபா), மீஸ், சுவிட்சர்லாந்து.

பொருள்: மேசை மேல் இருக்கும் அம்பு தொடர்பாக.

ஐயா,

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலிலிருந்து எழுதுகிறேன். இழுபறி வழக்குகளில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. சிவனே பெரியவன் என்று சங்கனும் திருமாலே பெரியவன் என்று பதுமனும் மல்லுக்கு நின்றார்கள். இருவரும் நாகர்கள், பிடித்த பிடியை விடாதவர்கள். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்து, வலப்பாதி சங்கரனும் இடப்பாதி நாராயணனுமாகச் சாமியை ஒரே உருவில் வரவழைத்தாள். அன்றைக்கு உங்கள் நடுவர் இருந்திருந்தால் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி, மேசையை எட்டிப் பார்த்து, "இந்தத் தடவை பதுமன் முறை" என்று கையைக் காட்டியிருப்பார். அம்மனின் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுத் திருவிழாவும் இருந்திருக்காது, தேரும் இருந்திருக்காது.

2003 முதல் உங்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு ஜம்ப் பால்தான். தொடக்கத்தில் பந்து எந்த அணி கைக்குப் போகவில்லையோ, அம்பு அதன் பக்கம். அப்புறம் இருவர் ஒரே பந்தைப் பிடித்து விடாமல் நிற்கும் ஹெல்ட் பால் போன்ற இழுபறி வரும்போதெல்லாம், அம்பு காட்டும் அணிக்குப் பந்து, அம்பு மாறி மாறித் திரும்பும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதைப் பாருங்கள். கடைசி குவார்ட்டர், எட்டு விநாடி, ஒரு புள்ளி பின்னால். எங்கள் பொடியன் ஒருவன் ஆறடிக்காரனிடம் பாய்ந்து பந்தைக் கட்டிப்பிடிக்கிறான். விசில். பந்து எதிரணிக்கு! ஏனாம்? சற்று முன்பு ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவில் பந்து சிக்கிக்கொண்டதே, அதில் எங்கள் முறை செலவாகிவிட்டதாம். யாருமே பிடிக்காத பந்தும் உயிரைக் கொடுத்துப் பிடித்த பந்தும் உங்கள் கணக்கில் ஒன்றுதானா?

பந்தை மேலே எறிந்து குதிக்கவிட்டால் நெட்டையனுக்குத்தான் லாபம் என்பீர்கள். உண்மைதான். நைஸ்மித் 1891இல் தொடங்கிய ஆட்டத்தில் 1930கள் வரை கூடை விழுந்த ஒவ்வொரு தடவையும் நடுவட்டத்தில் குதித்தார்கள். அந்தக் கூத்து மறுபடி வேண்டாம். ஆனால் ஹெல்ட் பாலுக்கு அமெரிக்காவின் என்பிஏ இன்றும் பந்தை எறிகிறது. அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மாறி மாறி என்பது எங்களுக்குப் புதிதுமில்லை. 1989 முதல் 2011 வரை சென்னைக் கோட்டை ஆட்சியில் திமுகவும் அதிமுகவும் உங்கள் விதிப்படியே வந்து போயின. 2016இல் மேசைக்காரர் அம்பைத் திருப்ப மறந்துவிட்டார். சங்கரன்கோவில் தொகுதியிலோ 1991 முதல் 2021 வரை அம்பு அதிமுக பக்கமே நின்றது. ஆனாலும் ஐயா, ஒவ்வொரு தடவையும் பந்தை மேலே எறிந்துதான் பார்த்தார்கள். உன் முறை என்று யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆகவே, கடைசி இரண்டு நிமிடத்திலும் கூடுதல் நேரத் தொடக்கத்திலுமாவது பந்தை எறிய உத்தரவிட வேண்டுகிறேன். பொடியன் தோற்றால் தோற்கட்டும், குதித்துத் தோற்கட்டும். ரிங்கில் சிக்கும் பந்துகளுக்கு அம்பைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவன்