ரிப்போர்ட் வரும், காத்திரு

அரசாங்கத்துக்கு ரத்தம் எடுக்கத் தெரியும். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்பதை உரியவரிடம் சொல்வதுதான் அதற்குக் கைவராத வித்தை.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குச் சாதாரண சோதனை உதவாது. தாயின் ஆன்டிபாடி 18 மாதம்வரை பிள்ளையின் ரத்தத்தில் கிடந்து பொய் சொல்லும். வைரஸையே தேடிப் பிடிக்கும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். அதற்கு 45ஆம் நாள் வாக்கில் குதிகாலில் ஒரு குத்து, தடித்த வடிதாளில் சில சொட்டு. காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்பினால் போதும். ஐஸ் வேண்டாம், கரண்டு வேண்டாம். வருசநாட்டு மலைக் கிராமங்களுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி இருக்கிறது. அரசரடி, பொம்மராஜபுரம் பக்கம் ரோடு என்ற பெயரில் கிடக்கும் கல்லும் குழியும் அந்தத் தாளை ஒன்றும் செய்யாது. தாயைத்தான் செய்யும். கைப்பிள்ளையோடு ஜீப்பில் குலுங்கி, கடமலைக்குண்டில் பஸ் பிடித்து ரிப்போர்ட்டுக்குப் போகிறவளிடம், "இன்னும் வரலம்மா, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்ல எந்த சன்னலுக்கும் செலவில்லை. ஒரு நாள் கூலி போவது அவளுக்கு.

வைரஸ் அடுத்த மாசம்வரை காத்திருக்காது. தொற்று இருந்தும் மருந்து கிடைக்காத குழந்தைகளில் மூன்றில் ஒன்று ஒரு வயதைத் தாண்டுவதில்லை, பாதி இரண்டைத் தாண்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் உடனே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், சாவு 76 சதவீதம் குறைந்தது. 2008இலேயே உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

மிகையாகப் பேசுகிறேனா? மலைக்கு அந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்துக்கு இறங்குங்கள். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தத்தை ஏற்றினார்கள். கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை ரத்ததானம் செய்தவர். தொற்று அப்போதே தெரிந்தது. லேபுக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ரகசியம் காக்கச் சொல்லி 2017இல்தான் சட்டம் வந்தது. நம்மவர்கள் அதற்கு முன்பே, அதுவும் நோயாளியிடமிருந்தே, காத்துவிட்டார்கள்! வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்தபோது உண்மை தெரிந்து, ஓடிவந்து சொன்னவரும் அவரேதான். மொத்தக் கதையிலும் கடமையைச் செய்தவர் அந்த ஒருவர். மாதக் கடைசியில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

2019 ஜனவரியில் மதுரையில் அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. தாய்க்கு மருந்து, பிள்ளைக்குச் சோதனை, எல்லாம் நேரத்துக்கு நடந்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்ததே! வருசநாட்டுக் குழந்தையைப் பார்க்க எந்தக் கேமரா மலையேறப் போகிறது?

சோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். நம்பிக்கையை நாங்களே வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம். நீங்கள் ரிப்போர்ட்டைக் கொடுங்கள். ரத்தம் எடுத்த தேதியும், முடிவு வந்த தேதியும், இடையில் அது யார் மேஜையில் கிடந்தது என்ற பெயரும் அதில் இருக்கட்டும்.