மொய்க் கணக்கும் சி டிரைவும்

கம்பத்துப் பக்கம் காதுகுத்து என்றால் இப்போது மொய் எழுதுவதும் கம்ப்யூட்டர்தான். பணத்தை நீட்டினால் பெயர், ஊர், தொகை போட்ட ரசீது கைக்கு வந்துவிடும். விழா முடிந்தபின் அந்தக் கணக்கு முழுவதும் யாரோ ஒரு மாமா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் தூங்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. "புதுசு போட்டுரலாம்ணே. முக்கியமானது எதுவும் இருக்கா?" என்று கேட்பான் கடைப் பையன். "ஒண்ணுமில்லப்பா, போடு." டெஸ்க்டாப்பில் இருப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது என்ற ஞானம் எப்போதும் ஃபார்மட்டுக்குப் பிறகே பிறக்கிறது.

விவரமானவர்கள் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வட்டு; வட்டே போனால் இரண்டும் போகும். கூரை பற்றுமென்று திண்ணைச் சாமானை அடுப்படியில் வைத்த கதை.

மீட்கலாமா? பழைய ஹார்டு டிஸ்க் என்றால் வாய்ப்புண்டு. குவிக் ஃபார்மட் விலாசத்தைத்தான் அழிக்கும். மேலே புதிதாக எழுதப்படாத பகுதிகளை ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் தோண்டித் தரும், கோப்புகளின் பெயர்களை மட்டும் தொலைத்துவிட்டு. எஸ்எஸ்டி என்றால் டிரிம் கட்டளை அதற்கும் இடம் வைப்பது அபூர்வம்.

பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம். மொய்க்கு அந்த வசதி இல்லை. நமக்குச் செய்தவர்கள் எல்லோரிடமும் பைசா சுத்தமாக நகல் இருக்கிறது. நாம் செய்த வீடுகளில்தான் போன மாதமே ஃபார்மட் போட்டுவிட்டார்களாம்.