ஒன்றேகால் மணி நேரம்

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. போனார்கள், கற்றார்கள், மறு வருஷம் வந்து தொழிலை ஆரம்பித்தார்கள்.

அப்பா காலத்தில் மெட்ராஸ் என்றால் கொல்லம் மெயில். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் நாரணாபுரத்திலிருந்து சைக்கிள் கேரியரில் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு சிவகாசி ஸ்டேஷனுக்குக் கிளம்புவார். மீட்டர் கேஜ், கரி எஞ்சின். எழும்பூரில் இறங்கும்போது வேட்டி எந்த நிறமென்று அவருக்கே சந்தேகம் வரும். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்கியிருப்பார். காலையிலேயே பாரிமுனையில் ஆர்டர் பிடிக்க நிற்பார்.

இப்போது என் மகன் சொல்கிறான்: "ஃப்ளைட்ல ஒன்னேகால் மணி நேரந்தாம்ப்பா."

உண்மைதான். மதுரைக்கும் சென்னைக்கும் வானத்தில் சுமார் 420 கிலோமீட்டர். ஆறு மணி விமானத்துக்கு மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு காரில் ஏற வேண்டும். மதுரை பெருங்குடி விமான நிலையம் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர். அங்கே வரிசை, பிறகு இன்னொரு வரிசை. என் கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்கள். லேபிள் நாங்கள் அடித்தது. கலர் நன்றாக விழுந்திருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, மெட்ரோ பிடித்து மண்ணடி சேரும்போது கடைகள் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தன. ஆர்டர் மறுநாள் காலையில்தான். நடுவில் லாட்ஜ் வாடகை வேறு. டிக்கெட்டில் என்னவோ வானத்து நேரத்தை மட்டும்தான் அச்சடிக்கிறார்கள்.

2024-இல் ஜெர்மனியின் டுசெல்டார்பில் துருபா அச்சு இயந்திரக் கண்காட்சி நடந்தது. மகனும் போனான். பிராங்பர்ட்டில் இறங்கி அங்கிருந்து இன்னொரு விமானம் என்று நினைத்தேன். 190 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம்கூடப் பறக்க வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம். 2002-இல் அங்கிருந்து கொலோன் வரை போட்ட பாதையில் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிறது. விமானத்துக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ரயில் ஊரையே சேர்ந்துவிடுமாம். கார் வைத்திருக்கிறவர்கூட அங்கே ரயிலில் போகிறார் என்று ஆச்சரியப்பட்டான். அவனுடைய தாத்தாவும் அதைத்தானே செய்தார் என்றேன். பதில் இல்லை.

நான் இன்னமும் பொதிகை எக்ஸ்பிரஸ்தான். டிக்கெட் கிடைத்தால்.

எங்கள் ஊர்ப் பட்டாசுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அதை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள். லாரியில் தார்ப்பாய் கட்டிச் சாயங்காலம் கிளம்பினால் காலையில் சென்னை. தீபாவளிக்கு வாங்க வருகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.