பார்ட்டிஷன் நீக்கவியல்: நாஸுக்குப் போகும் பழைய டிஸ்க்கை முன்வைத்து

பழைய ஹார்ட் டிஸ்க்கை நாஸ் என்னும் வலைச் சேமிப்புப் பெட்டியில் போடுவதற்கு முன் அதிலுள்ள பார்ட்டிஷன்களை நீக்க வேண்டும் என்பர். நீக்கப்படும் பொருள் எங்கே இருக்கிறது என்பது முதல் வினா. டிஸ்க்குக்குள் குறுக்குச் சுவர் எழுப்பியிருப்பதாகக் கருதுவோர் பலர். அது பொருந்தாது. எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில், 512 பைட் கொண்ட முதல் செக்டரில் 64 பைட் மட்டுமே அட்டவணை. நான்கு வரி, வரிக்கு 16 பைட். இந்தப் பாகம் இங்கே தொடங்குகிறது, இத்தனை செக்டர் நீளம் என்ற குறிப்பைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1983-இல் 10 எம்பி டிஸ்க்கோடு ஐபிஎம் எக்ஸ்டி வந்தபோது நான்கு வரி தாராளமாகவே இருந்திருக்கும்.

இனிக் கள ஆய்வு. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினியின் டிஸ்க் சிறந்த மாதிரி. சி-யில் விண்டோஸ். டி-யின் பெயர் 'சாங்ஸ்', ஈ-யின் பெயர் 'மூவீஸ்'. எஃப்-க்குப் பெயர் வைக்கும் பொறுமை யாருக்கும் இல்லாததால் 'நியூ வால்யூம்'. விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து பாட்டைக் காப்பாற்றலாம் என்பதே இப்பிரிவினையின் தத்துவம். டிஸ்க்கே படுத்துவிட்டால் நான்கும் சேர்ந்து போகுமே என்ற ஆட்சேபம் கடைக்காரரிடம் என்றும் எடுபட்டதில்லை. ஆய்வாளர் இக்கட்டத்தில் டி-யைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைய ஆய்வு முடிந்தது.

நீக்கத்தில் முதல் தடை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட். டி, ஈ, எஃப் மூன்றும் 'டிலீட் வால்யூம்' என்றதும் போய்விடும். 100 எம்பி அளவில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் இஎஃப்ஐ பாகத்தில் வலது கிளிக் செய்தாலோ 'ஹெல்ப்' என்ற ஒரே சொல்தான் வரும். அந்த ஹெல்ப்பால் யாதொரு உதவியும் இல்லை.

எனவே அறிஞர் விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டை நாடுவர். இங்கே இரு மரபுகள். 'கிளீன்' மரபினர் அட்டவணையை மட்டும் அழிப்பர்; கண் இமைப்பதற்குள் முடியும். 'கிளீன் ஆல்' மரபினர் ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதுவர். வினாடிக்கு 120 எம்பி வேகம் கிடைத்தாலும் 1 டிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். டிஸ்க்கை விற்பவருக்கு இரண்டாவது சரி. நம் வீட்டு அலமாரிக்கே போகும் டிஸ்க்குக்கு அது வீண் மின்சாரம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

பெரும்பாலான நாஸ் பெட்டிகள் ஓர் எச்சரிக்கையோடு தாமே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளுமே, பிறகு எதற்கு இவ்வளவும் எனின், வேறொரு நாஸில் இருந்த டிஸ்க்கைக் காட்டி மறுக்க. பல டிஸ்க்கை ஒன்றாகப் பிணைத்த பழைய ரெய்டின் அடையாளம் அட்டவணையில் இல்லை, பாகத்துக்கு உள்ளே இருக்கிறது. இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறை தன் லேபிளை முன்னால் இரண்டு, கடைசியில் இரண்டு என நான்கு இடத்தில் எழுதும். எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி முறையும் அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியில் வைக்கிறது. தலையை மட்டும் துடைத்தவருக்கு வால் விடை சொல்லும். லினக்ஸில் 'வைப்எஃப்எஸ்' கட்டளையை முதலில் பாகங்கள் மீதும் பிறகு டிஸ்க் மீதும் ஏவுவதே இதற்கு முறை.

மரபுகள் அனைத்தும் ஒன்றுபட்டு அஞ்சும் இடம் ஒன்றுண்டு. 'கிளீன்' என்று தட்டினால் டிஸ்க்பார்ட் 'நிச்சயமாகவா?' என்று கேட்பதில்லை. அளவை வைத்து அடையாளம் காணலாம் என்றால், 1 டிபி என்று விற்ற டிஸ்க் எல்லாமே 931 ஜிபி என்றே காட்டும். குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கும் அதே 931. ஆகவே பழைய டிஸ்க்கை யுஎஸ்பி டாக்கில் செருகுவதற்கு முன் ஒரு முறை 'லிஸ்ட் டிஸ்க்' கேட்க. செருகிய பின் மறுமுறை கேட்க. இரண்டாம் பட்டியலில் புதிதாக முளைத்த எண்ணே நீக்கத்துக்கு உரியது. இரண்டிலும் ஒரே பட்டியல் வந்தால், டாக்கின் சுவிட்சைப் போட்டோமா என்று பார்க்க.