சரிக்கட்டும் அண்ணை

சரிக்கட்டும் அண்ணையின் கராஜுக்குப் பெட்டியும் சீலும் கலையாத புதுச் சாமானொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறவன், கலியாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டு போகிறவனுக்கு ஒப்பானவன். அண்ணை கோபித்துக்கொள்வதில்லை. பெட்டியை மரியாதையாக வாங்கி, திறந்தும் பாராமல் அலுமாரியின் மேல் வைத்து, "உது கிடக்கட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, எந்தப் பழைய சாமான் செத்துப்போயிற்று என்று நாம் காரியம் முடித்து வந்தோமோ அதே சாமானை மறுபடியும் கழற்றத் தொடங்கிவிடுவார். அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டி கீழே இறங்கியதாக எந்த வாடிக்கைக்காரனும் இதுவரை சாட்சி சொன்னதில்லை.

அவர் இருப்பது ஏ9 வீதியோரத்தில் என்பதற்கு மேல் இடங்காட்டப் பிரியமில்லை. பரந்தனிலிருந்து வவுனியா வரை யார் இதை வாசித்தாலும் தத்தம் ஊர்க்காரரைத்தான் நான் எழுதியிருப்பதாக எண்ணிக்கொள்வார்கள்; எண்ணிக்கொள்ளட்டும்.

என் லொறிக்கு வந்த வியாதி மிக அற்பமானது. அக்சிலேற்றரைச் சாரதி எவ்வளவு மிதித்தான் என்ற சமாசாரத்தைக் கொம்பியூட்டருக்கு அறிவிக்கின்ற, தீப்பெட்டியளவு பருமனுள்ள, திறொட்டில் பொசிஷன் சென்சர் என்ற வஸ்து தேய்ந்துபோயிற்று. டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சினைப் போலக் காற்றின் அளவைக் கொண்டு வேகத்தை ஆள்வதில்லை. எவ்வளவு டீசல் பீச்சுவது என்பதே அங்கே கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை சொல்வது இந்தச் சென்சர். உள்ளே வளைந்த கரித்தடம் ஒன்று. அதன்மேல் ஊர்கின்ற முள் ஒன்று. வெளியே வயர்கள் மூன்று. ஒன்றில் ஐந்து வோல்ட் வரும், இன்னொன்று ஏர்த், மூன்றாவதில் பாதத்தின் அபிப்பிராயம் போகும்: சும்மா நிற்கையில் ஏறக்குறைய அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலரை. சாரதியின் கால் அதிகம் வாசம் செய்கின்ற இடத்தில் தடம் தேய்ந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் லொறி திடீரெனத் தான் எதற்காக ஓடுகிறோம் என்பதை மறந்து தயங்கும்.

"உது றேடியோவின்ர வொலியூம் திருகிதான் தம்பி, வேறையொண்டுமில்லை" என்றார் அண்ணை. வாஸ்தவம். அவருடைய விஞ்ஞானத்தில் ஒருநாளும் பிழை கண்டதில்லை. வில்லங்கமெல்லாம் அந்த விஞ்ஞானத்துக்குப் பின்னால்தான் புறப்படுகிறது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் என் லொறிக்கே உரிய சென்சர் கிடைக்கும் என்பதையும், விலையையும், இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடியுமுன் வந்து சேரும் என்பதையும் நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அண்ணை செவிமடுத்தார். பிறகு, ஏதோவொரு சின்னப் பெற்றோல் காருக்கென்று சீனத்தில் செய்யப்பட்ட, விலை சொன்னால் விற்றவனுக்கே வெட்கமாயிருக்கக்கூடிய ஒரு சென்சரை மேசை லாச்சியிலிருந்து எடுத்து, "உது காணும். சரிக்கட்டலாம்" என்றார்.

அன்றைய மாலைப்பொழுது முழுவதும் அவர் செய்தவற்றை வேறொருவருடைய லொறியில் செய்திருந்தால், நானும் கைதட்டி இரசித்திருப்பேன். புதுச் சென்சரின் ஆணித்துளைகள் பழைய இடத்தில் பொருந்தவில்லை. அலுமினியத் தகடொன்றை வெட்டி நடுவில் வைத்தார். அச்சின் வாய் வேறு வடிவமாயிருந்தது; அரம் கொண்டு ராவி இடைத்துண்டொன்றைச் சிருஷ்டித்தார். அது சுழலும் திசையோ நேர்விரோதம், அதாவது மிதிக்க மிதிக்க வோல்ட் இறங்கிற்று. நான் உள்ளூர மகிழ்ந்து, இனிப் பஞ்சிகாவத்தைதான் என்று வாயெடுக்குமுன், ஐந்து வோல்ட் வயரையும் ஏர்த் வயரையும் இடம் மாற்றிக் கட்டினார். முள் ஒழுங்காக ஏறத் தொடங்கிற்று. துளைகளை நீளவாக்கில் அராவி, மீட்டரைப் பார்த்தபடி சென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அரை வோல்ட்டில் நிறுத்தி ஆணியை இறுக்கினார். பக்கத்தில் நின்ற பொடியன் என்னைப் பார்த்த பார்வையில் குருபக்தி வழிந்தது.

ஒரேயொரு குறை. லொறியின் பெடல் அச்சு சிறிதளவே சுழல்வது. சென்சரோ அதைப்போல இரண்டு பங்கு சுழன்றால்தான் முழு வோல்ட்டையும் தரும். ஆகவே சாரதி பெடலைத் தகரத்தோடு ஒட்ட மிதித்தாலும், பாதியளவுதான் மிதிக்கப்பட்டதென்று கொம்பியூட்டர் முடிவுசெய்தது. நெல் மூட்டையேற்றிய லொறி, சைக்கிள்காரருக்கு வழிவிட்டபடி பரம சாதுவாக நகர்ந்தது. இதைச் சொன்னபோது அண்ணை சென்சரைப் பார்க்கவில்லை. என் சாரதியைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "நீர் எப்பிடி மிதிக்கிறனீர்?" என்று விசாரித்தார். அதன்பின் அரைமணி நேரம், பாரத்தோடு புறப்படும்போது எந்தக் கியரில் எத்தனை நேரம் இருக்கவேண்டும், மேடு வருமுன்பே எப்படி மனத்தைத் தயார்செய்ய வேண்டும், காலை எடுத்து இரண்டாந்தரம் எப்போது அழுத்தவேண்டும் என்றெல்லாம் உபதேசம் நடந்தது. முடிவில், "லொறியில பிழையில்லை. கால் பழகவேணும்" என்று தீர்ப்புக் கூறினார். தகட்டையும் அச்சையும் வயரையும் சரிக்கட்டியவர் கடைசியில் மனுஷனையும் சரிக்கட்டிவிட்டார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நின்றுதானே போகும். என் சாரதி இப்போதெல்லாம் அங்கே உடைக்கும் தேங்காயில் ஒரு பங்கு சென்சருக்கென்று நினைக்கிறேன்.

அவருடைய மற்றக் குணங்களையும், வாக்குக் கொடுத்த நாளில் கராஜ் பூட்டியிருப்பதையும், இரவல் வாங்கிய ஜாக்கைத் தம்முடைய பிதுரார்ஜிதம் போலப் பாவிப்பதையும் இங்கே விவரிக்க இடமில்லை.

இந்தச் சரிக்கட்டும் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்ததென்பது எனக்குத் தெரியாததல்ல. 1990 இலிருந்து 2002 வரை பெற்றோலும் டீசலும் பற்றரியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்டிருந்த வன்னி நிலத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மோட்டார் சைக்கிள்களையும், தலைகீழாய் நிறுத்திய சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி றேடியோவில் தமிழோசை கேட்ட இரவுகளையும் அறிந்தவர்கள், ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு அண்ணை ஏன் முகஞ்சுளிக்கிறார் என்று கேட்கமாட்டார்கள். 2008 இன் பிற்பகுதியில், யுத்தம் நெருங்கிவர, கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு கிழக்கே போனபோது, அந்த இயந்திரங்கள் வழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் கொம்பனி இஞ்சினியர்கள் அல்லர். முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டுத் துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களில் அவருடைய கைபட்டவை எத்தனையோ இருந்திருக்கும். அதைப்பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. 2020 இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, பழைய லொறிகளுக்குப் பொன்விலை வந்தபோது, அவரையொத்தவர்கள் இல்லாவிட்டால் வன்னியின் நெல் வயலிலேயே முளைத்திருக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஆயினும், நன்றியறிதல் வேறு, பாதிப் பலத்தோடு ஊரும் லொறி வேறு. பாதை திறந்திருக்கிறது, பார்சல் வருகிறது, காசு என்னுடையது. தம்முடைய இலாபத்துக்காகவாவது அந்த மலிவுச் சாமானை அவர் பூட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். கூலியை அரையாகத்தான் வாங்கினார், அதுவும் நான் வற்புறுத்திய பிறகு. என் பிரதான முறைப்பாடு அதுவுமன்று. அவர் ஒருதரம் கைவைத்த வாகனத்தை இவ்வுலகில் வேறெவராலும் திருத்த முடியாது. வவுனியாவில் ஒரு பெரிய கராஜுக்கு லொறியைக் கொண்டுபோனேன். கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்த இளைஞர், டாஷ்போர்ட்டுக்குக் கீழே தலையை விட்டு நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு வெளியே வந்து, கைகளைத் துடைத்து, திறப்பை என்னிடம் ஒப்படைத்து, "ஐயா, இதைச் செய்தவரிட்டயே காட்டுங்கோ" என்றார்.

திரும்பிவந்து, வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தியே கேட்டேன்: "அண்ணை, சென்சரை நீங்கள் மாத்தவேண்டாம். எந்த வயர் எதுக்கெண்டு ஒரு கடதாசியில எழுதியாவது தாங்கோ."

அண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"என்னத்தை எழுதிறது தம்பி, மூண்டும் கறுப்பு எண்டோ?"