சுவருக்குப் போன பவளம்

பாளையங்கோட்டையில் நான் வளர்ந்த வீட்டில் பொங்கலுக்கு முந்தின சனியும் ஞாயிறும் வெள்ளையடிப்புக்கென்றே ஒதுங்கிவிடும். முற்றத்துத் தொட்டியில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு அப்பா தண்ணீர் ஊற்றுவார். அது வெடித்து, ஆவி கக்கி, கொதித்து நீறும்வரை பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. ஆறியதும் துணியில் வடிகட்டிச் சோற்றுக் கஞ்சியும் கொஞ்சம் நீலமும் கலப்பார். அடித்தவுடன் சுவர் மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும்.

அந்தச் சுண்ணாம்பு தூத்துக்குடிப் பக்கத்துக் காளவாயிலிருந்து வரும். அதில் சிப்பி உண்டு; கடலடியில் பெயர்த்த பவளக்கல்லும் உண்டு. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டிக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள்.

அன்று அதே கடலடிக்கு முத்தெடுக்கப் போனவர்கள் மூச்சை அடக்கிப் போனார்கள். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையைத் தாமிரபரணியின் வண்டல் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிட்டது. முத்துக் குளிக்கும் தொழில் தூத்துக்குடியில் தொடர்ந்தது. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் அங்கே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. கல்லின் பாரத்தோடு இறங்கி, மூச்சு நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் கைக்குக் கிடைத்ததை அள்ளி, கயிற்றை அசைப்பார்கள். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்து அவர் கை தளராது.

இந்த வருஷம் அதே வீட்டின் தெற்குச் சுவர் பொரிந்து உதிர்ந்தது. கொத்தனார் விரலால் சுரண்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும். மேல சிமெண்ட்டப் பூசினா ஈரம் உள்ளயே நின்னுக்கிடும்லா.” சனிக்கிழமை சிமெண்ட்டை உரித்துச் சுண்ணாம்பையே பூசினோம். இது நிலத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டது; பவளத்தை இப்போது வெட்டக்கூடாது. 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது; புலிக்கு உள்ள காவல் அதற்கும் உண்டு.

ஒத்தாசைக்கு வந்த அக்கா மகன் ஸ்கூபா படித்தவன். கடலில் பவளம் நடும் குழுவோடு போகிறவன். ஞாயிறு என்னைத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு அழைத்துப் போய், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கையில் எடுத்துக் காட்டினான்.

“மாமா, இதுல மொதப் பாடமே மூச்சை அடக்கக் கூடாதுங்கிறதுதான்.”

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். முன்னோர் மூச்சடக்கிப் பிழைத்த கடலில் இவன் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறான். வேலை இதுதான்: உயிருள்ள பவளக் கிளையில் சிறு துண்டை எடுத்து, கடலடியில் வைத்த சிமெண்ட் சட்டத்தில் கட்டுவது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்துவருகிறது. துண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும்.

பவளப்பாறை தீவுகளுக்கு மதில். அந்த மதிலைப் பெயர்த்ததன் விளைவு கண்முன்னே இருக்கிறது. வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014-இல் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கியது. பிறகுதான் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

முத்துக்காக இறங்கியவர்களின் துணிச்சலை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பவளத்தைத் திருப்பி நடுகிறவர்களையும் அப்படியே சொல்ல வேண்டும். ஆனால் அவர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும்; வெயில் இறங்கத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். பாபநாசத்துக்குக் கீழே நாம் தாமிரபரணியில் விடும் சாக்கடை புன்னைக்காயல் வழியே அந்தக் கடலுக்குத்தான் போகிறது. கடலின் வெள்ளையை வாங்கிச் சுவரில் பூசிய ஊர்கள் நாம். தாமிரபரணியை அழுக்காக்காமல் அனுப்புவது நம் பொறுப்பு.